ஒரு ஓம் வொலியூம் தேவையில்லை

மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சார்ஜர் செய்ய ஒரு ஓம், இரண்டு ஓம் அளவில் மாறுந்தடை, அதாவது வொலியூம், வேண்டுமாம். அது வன்னியில் கிடைக்காதாம், கொழும்பிலிருந்து வந்தால்தான் வேலை தொடங்குமாம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இலத்திரனியல் பழகுகிற பிள்ளைகளிடம் இந்தப் பேச்சு ஊறிப்போயிருக்கிறது. அந்த உதிரிப்பாகம் இங்கே கிடைப்பது அரிது என்பது மட்டும் உண்மை. அது இல்லாமல் முடியாது என்பது பிழை.

இந்த நம்பிக்கை எல்எம் 317 சுற்றிலிருந்து வருகிறது. அந்தச் சில்லு தன் இரண்டு கால்களுக்கு இடையில் 1.25 வோல்ற்றை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அங்கே போடுகிற தடையால் 1.25ஐப் பிரித்தால் மின்னோட்டம் வந்துவிடும்: ஒரு அம்பியருக்கு 1.25 ஓம். ஆகவே அந்தத் தடையைத்தான் திருக வேண்டும் என்று முடிவு கட்டுகிறார்கள்.

திருகிப் பார்ப்போம். 10 ஓம், அரை வாற் மாறுந்தடை ஒன்று கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அரை வாற் என்பது முழுப் பாதைக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. அதன்படி அது தாங்குவது 0.22 அம்பியர்தான், நகரும் முனை எங்கே நின்றாலும் அதே எல்லைதான். ஒரு அம்பியர் விட்டால் பாதை கருகும். பெரிய வாற் உள்ள கம்பிச்சுற்று வாங்கினால் கருகாது, ஆனால் ஒழுங்காகத் திருகவும் முடியாது. அதோடு 1 ஓம் நிலைத்தடையைத் தொடராகப் போட்டால் தொடக்கத்தில் 0.11 அம்பியர் வரும். பாதி திருகியும் 0.21தான். மிச்சப் பாதிக்குள் 1.25 வரை பாய்ந்துவிடும். முனையின் தொடுகைத் தடையும் நிலையாக நிற்காது. 10 கிலோ ஓமில் கண்ணுக்குப் படாத அந்தச் சின்ன மாற்றம் ஒரு ஓமில் அளவையே குலைத்துவிடும்.

தடையை மாற்றாமல் மின்னோட்டத்தை எப்படி மாற்றுவது என்று கேட்பார்கள். விசயமே இங்கேதான் இருக்கிறது. 0.47 ஓம் தடையை அசையாமல் போடுங்கள். ஒரு அம்பியர் ஓடினால் அதில் 0.47 வோல்ற் தோன்றும். எல்எம் 358 சில்லு அந்த வோல்ற்றை நாம் கொடுக்கும் இன்னொரு வோல்ற்றோடு ஒப்பிட்டு, இரண்டும் சமமாகும்வரை ரிஐபி 122 போன்ற ரான்சிஸ்ரரைத் திறந்து மூடும். நாம் திருகுவது ஒப்பீட்டு வோல்ற்றை மட்டும்தான். ரிஎல் 431 சில்லு நிலையாகத் தரும் 2.5 வோல்ற்றுக்குக் குறுக்கே 4.3 கிலோ ஓமையும், அதன்கீழ் எந்தக் கடையிலும் கிடைக்கிற 1 கிலோ ஓம் வொலியூமையும் போட்டால் பூச்சியத்திலிருந்து 0.47 வோல்ற் வரை வரும். பாதி திருகினால் பாதி மின்னோட்டம். வொலியூமுக்குள் ஓடுவது அரை மில்லி அம்பியருக்கும் குறைவு.

அந்த 0.47 ஓம் எங்கே இருக்கிறது? திருவிழாக்களில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருக்கிற அம்பிளிபயரின் வெளியீட்டு ரான்சிஸ்ரர்களின் காலைப் பாருங்கள். வெள்ளைச் செங்கட்டி போன்ற 5 வாற் தடைகள், 0.22, 0.33, 0.47 ஓம் என்று நிற்கும். அம்பிளிபயர் திருத்துகிற கடை வன்னியில் இல்லாமலில்லை. ரிஎல் 431ஐப் பழைய கணினிப் பவர் சப்ளையில் கழற்றலாம். தடையே அகப்படாவிட்டால் 230 வோல்ற், 1000 வாற் ஹீற்றர் கம்பியின் ஐம்பதில் ஒரு பங்கு ஏறத்தாழ ஒரு ஓம். அதில் ஈயம் பிடிக்காது, நட்டும் போல்ற்றும் போட்டு இறுக்க வேண்டும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. எல்எம் 358இன் உள்ளீட்டு வழு 7 மில்லி வோல்ற் வரை போகலாம். 0.47 ஓமில் அது 15 மில்லி அம்பியர் பிழை. சார்ஜருக்கு அது பொருட்டல்ல. சில மில்லி அம்பியரை நுணுக்கமாக வைக்க வேண்டியவர் 10 ஓமோ 47 ஓமோ போடட்டும்.

பற்றறி ஏற்ற மட்டும் என்றால் திருகவே தேவையில்லை. 7 அம்பியர்-மணி பற்றறிக்கு 0.7 அம்பியர் போதும்: எல்எம் 317உம், 2 வாற், 1.8 ஓம் தடையும். இரண்டு மூன்று அளவு வேண்டுமென்றால் ஒரு தெரிவு ஆளியில் அத்தனை தடைகள்.

"வன்னியில் சாமான் இல்லை" என்ற சொல்லை என்னால் இலேசாக விட முடியவில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றறியே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது. அந்த 6 வோல்ற், 3 வாற் டைனமோவே தன் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்துகிற கருவி. வேகம் கூடினால் அதிர்வெண்ணோடு சுருளின் எதிர்ப்பும் கூடும், மின்னோட்டம் அரை அம்பியருக்குக் கிட்டவே நிற்கும். ஒரு ஓம் மாறுந்தடையைத் தேடி அன்று யாரும் காத்திருக்கவில்லை. இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில் 2014 முதல் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே மண்ணின் பிள்ளைகள் ஒரு பார்சலுக்காக வேலையை நிறுத்தி வைப்பதை ஏற்கவே முடியாது.

பணம் செலவழிக்க வேண்டிய இடம் வேறு. 18 வோல்ற் கொடுத்து 12 வோல்ற் பற்றறியை ஒரு அம்பியரில் ஏற்றினால், மிச்சம் 6 வாற்றில் பெரும்பங்கு ரான்சிஸ்ரரில்தான் சூடாகும். சார்ஜரின் கிளிப் இரண்டும் முட்டிக்கொண்டால் அந்தச் சூடு 18 வாற்றை நெருங்கும். கடைக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத் தாங்குகிற அலுமினியத் தகட்டை.