எந்த வருஷத்து ஜீப் நல்ல ஜீப்?

திருப்பூர்ச் சீமையில் கையில் நாலு காசு மிஞ்சினால் என்ன வாங்குவார்கள்? ஒரு காலத்தில் தோட்டம் வாங்கினார்கள். பிறகு தறி வாங்கினார்கள். அதன் பிறகு பனியன் பின்னும் எந்திரம் வாங்கினார்கள். இப்போது சிலருக்குப் புது ஆசை ஒன்று பிறந்திருக்கிறது. பழைய ஜீப் வாங்க வேண்டுமாம்!

ஆசையில் குற்றம் இல்லை. ஆறு நாள் நூல் விலையோடும் ஆர்டரோடும் போராடுகிற மனிதர், ஏழாம் நாள் முன் கண்ணாடியை மடக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்க, அமராவதி அணை வரை போய் வர நினைக்கிறார். போகட்டும்.

ஆனால், வாங்கப் போகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எந்த வருஷத்து மாடல் நல்லது?"

ஒரு தரகர் 42 என்பார். இன்னொருவர் 55 என்பார். மூன்றாமவர் 85 என்பார். வருஷம் பின்னால் போகப் போக, விலை மேலே போகும். இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், பல பேருடைய சேமிப்பு இதில் மாட்டிக்கொள்கிறது.

யுத்தத்தில் பிறந்த வண்டி

ஜீப் இரண்டாவது உலக யுத்தத்தில் பிறந்தது. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. யுத்தம் முடிந்ததும், பட்டாளத்துக்கு வேண்டாத ஜீப்புகள் உலகம் எங்கும் ஏலத்துக்கு வந்தன.

1945இல் தொடங்கிய மஹிந்திரா கம்பெனி, வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து பம்பாயில் பூட்டியது. பிறகு இங்கேயே செய்யத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தது. அதன் பிறகு வட்டார வளர்ச்சி அதிகாரி என்றாலே ஜீப். ஜீப் என்றாலே சர்க்கார்! கிராமத்தில் ஜீப் சத்தம் கேட்டால், யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று அர்த்தம்.

பார்த்தே கண்டுபிடிக்கலாம்

மாடல்களின் அடையாளம் தெரிந்தால், ஏமாறுவது பாதி குறையும்.

யுத்த கால ஜீப்புக்கு முன் முகத்தில் ஒன்பது துளைகள். முன் கண்ணாடி இரண்டு துண்டு. பின்பக்கம் திறக்கும் கதவு கிடையாது. என்ஜின் 60 குதிரை சக்தி.

யுத்தத்துக்குப் பிறகு வந்த சிவிலியன் ஜீப்புக்கு ஏழு துளைகள். முன் விளக்குகள் பெரியவை. பின்கதவும் உண்டு.

1953இல் வந்தது சிஜே-3பி. நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது இதன் வம்சம்தான். இதன் பானெட் உயரமாக நிற்கும். காரணம் அழகு அல்ல, என்ஜின். பழைய என்ஜினில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில் இருந்தன. புதிய என்ஜினில் காற்று உள்ளே வரும் வால்வை மேலே தூக்கி வைத்தார்கள். சக்தி 70 குதிரைக்கு மேல் போயிற்று. என்ஜினின் உயரமும் கூடியது. அதை மூட பானெட்டையும் உயர்த்தினார்கள்.

ஆகவே, உயர்ந்த பானெட் வைத்த வண்டியைக் காட்டி, "இது 42ஆம் வருஷத்துப் பட்டாள ஜீப்" என்று ஒருவர் சொன்னால், அது பொய். பச்சை வர்ணமும் வெள்ளை நட்சத்திரமும் இரண்டு நாள் வேலை!

1985இல் எம்எம் 540 வந்தது. பெஜோ டீசல் என்ஜின், நாலு கியர். அமைப்பில் பழைய ஜீப். ஓட்டத்தில் கொஞ்சம் புதியது.

லேபிளா, துணியா?

பனியன் ஊர்க்காரருக்கு ஒரு விஷயம் சொல்லித் தர வேண்டியதில்லை. லேபிளைப் பார்த்து யாராவது சரக்கு எடுப்பார்களா? துணியைத் தொட்டுப் பார்ப்போம். வெட்டி எடுத்து எடை போட்டு, ஜி.எஸ்.எம். பார்ப்போம். துவைத்துச் சுருக்கம் பார்ப்போம். பிறகுதான் விலை பேசுவோம்.

ஜீப்பில் வருஷம் என்பது லேபிள். சேஸ்தான் துணி.

சேஸில் பொறித்த எண்ணும், என்ஜினில் பொறித்த எண்ணும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா? சேஸில் துருவும் ஒட்டு வெல்டிங்கும் இல்லாமல் இருக்கிறதா? நான்கு சக்கரமும் இழுக்கிறதா? பிரேக் நேராகப் பிடிக்கிறதா? இதற்கெல்லாம் பதில் தெரியாமல், வருஷத்தைக் கேட்டு என்ன பயன்?

1973இல் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. பெட்ரோல் ஜீப் வைத்திருந்த பலர், பிற்பாடு டீசல் என்ஜினை மாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். அவர்களுக்கு ஜீப் காட்சிப் பொருள் அல்ல, பிழைப்பு. ஆனால், ஆர்.சி.யில் பெட்ரோல் என்றும் வண்டியில் டீசல் என்றும் இருந்தால், அந்த வில்லங்கம் இன்று வாங்குகிறவர் தலையில் விழும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்சிலும் தகராறு வரும். அப்போது தரகர் துணைக்கு வர மாட்டார்.

சட்டத்தை மறக்க வேண்டாம்

கம்பெனி செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2021இல் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். சேஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட வண்டிக்கு "விஏ" என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய் என்று விதி வகுத்தது. பதிவு பத்து வருஷம் செல்லும். ஆனால், தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ அந்த வண்டியை விட முடியாது.

ஆக, எண்பது வருஷத்து வண்டியானாலும், என்ஜினை மாற்றிவிட்டால் அந்த மரியாதை கிடைக்காது. பொறுப்பாகக் காப்பாற்றிய ஐம்பது வருஷத்து வண்டிக்குக் கிடைக்கும். இது நியாயந்தான்.

நம் முடிவு

வாரா வாரம் ஓட்ட வேண்டுமா? எண்பதுகளின் எம்எம் 540 போதும். டீசல் என்ஜின் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். பழமையைக் காப்பாற்ற வேண்டுமா? சொந்த பெட்ரோல் என்ஜினோடு நிற்கிற, ஐம்பது அறுபதுகளின் சிஜே-3பியைத் தேடுங்கள். யுத்த கால வண்டியை, பணமும் பொறுமையும் இரண்டும் உள்ளவர் மட்டும் தொடட்டும்.

எதை வாங்கினாலும், இது இன்றைய கார் அல்ல என்பது நினைவில் இருக்கட்டும். உயரமான வண்டி, திருப்பத்தில் வேகமாக ஒடித்தால் கவிழும். ஏர்பேக் கிடையாது. குழந்தைகளைப் பின்னால் நிறுத்திக்கொண்டு அவினாசி சாலையில் லாரிகளோடு பந்தயம் ஓட்டுவது வீரம் அல்ல.

தாத்தாவின் ஜீப் ஒன்று தோட்டத்துச் சாளையில் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறதா? அதை இரும்புக் கடைக்குப் போடுமுன் ஒரு தடவை ஆர்.சி. புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். எண்கள் பொருந்தினால், நல்ல வருஷத்து ஜீப் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது!