விரல்களுக்கும் ஒரு சிற்பம்

நம் கையிலுள்ள ஐந்நூறு ரூபாய்த் தாளின் முகப்பில், வலப்புறமாக ஒரு வட்டம் மேடாக அச்சிடப்பட்டிருக்கும். நூறு ரூபாய்த் தாளில் அது முக்கோணம். பார்வையற்றோர் பணத்தை விரலால் அறிந்துகொள்ள ரிசர்வ் வங்கி செய்துள்ள ஏற்பாடு இது. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் பார்ஹுத் கூடத்தில் நிற்கையில் இந்த வட்டம் நம் நினைவுக்கு வருகிறது.

அங்குள்ள செந்நிற மணற்கல் வேலி, 1873-இல் கன்னிங்ஹாம் கண்டெடுத்த பௌத்தத் தூபியைச் சேர்ந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. அதன் வட்டச் சிற்பம் ஒன்றில், அனாதபிண்டிகர் என்னும் வணிகர் ஜேதவனத்தை விலைக்கு வாங்குகிறார். மாட்டுவண்டியில் காசுகள் வந்திறங்குகின்றன. சதுரக் காசுகளை ஆட்கள் தரையில் பரப்புகிறார்கள். பரப்பிய நிலமே வாங்கிய நிலம். கீழே பிராமி எழுத்தில் செய்தியையும் சிற்பி பொறித்துவிட்டார். பணத்தோடு பழகும் நமக்கு இதைவிட நெருக்கமான சிற்பம் அக்கூடத்தில் இல்லை. ஆயினும், அந்தக் காசுகளின் விளிம்பைத் தடவிப் பார்க்க இயலாது. இயலவும் கூடாது: கைவியர்வையும் எண்ணெய்ப் பசையும் நாளடைவில் கல்லைக் கெடுக்கும்.

எனினும், தொட ஒரு படி செய்யலாமே! தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015-இல் திறந்த ‘அனுபவ்’ கூடத்தில் தொட்டுணரும் படிகளும் பிரெய்ல் குறிப்புகளும் ஒலிவிளக்கமும் உள்ளன. பல புலன்களுக்கான காட்சி என்றதும் சுவரெங்கும் திரையும் ஒலிபெருக்கியும் நிரப்பிவிடும் போக்கை நாம் ஏற்கவில்லை. அவை கண்ணையும் காதையும் களைப்படையச் செய்வதோடு சரி. 1959-இல் தொடங்கிய பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இதே நகரில்தான் உள்ளது. அங்குள்ள நிலக்கரிச் சுரங்க மாதிரிக்குள் நடந்துவரும் சிறுவன், சுரங்கம் எத்தகைய இடம் என்பதை உடலாலேயே அறிகிறான்.

பார்ஹுத்தையும் முற்காலத்தார் நடந்தே அறிந்தனர். வேலிக்குள் தூபியை வலம்வந்தனர். ஆகவே நாம் வேண்டுவது சிறிதே. ஜேதவனச் சிற்பத்தின் அருகே, அதே வகை மணற்கல்லில், அதே அளவில் ஒரு படி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும் உயரத்தில். வங்கமொழியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் தாழ்ந்த குரலில் ஒரு விளக்கம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பண்பாட்டு வாழ்விலும் அவர்களுக்குச் சம உரிமை அளிக்கிறது. பொருள் வேண்டுமெனில், 1996-இல் அமைந்த தேசியப் பண்பாட்டு நிதியம் நிறுவனங்களிடமும் தனியாரிடமும் நன்கொடை பெறுகிறது. அனாதபிண்டிகரின் காசுகளைத் தொட்டெண்ண உதவும் அப்பணிக்கு வங்கிகள் முதலில் கைகொடுக்கலாம்.