தூங்கும் 4 ஸ்ட்ரோக் கார்ட் ரேஸ்... தட்டி எழுப்புமா சோழவரம், கும்மிடிப்பூண்டி ஏரியா?

கும்மிடிப்பூண்டி: 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி பார்முலா 4 கார்கள் ராத்திரி வெளிச்சத்தில் சீறின. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித்குமாரின் டீம் தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது. டீக்கடை பெஞ்ச் வரைக்கும் ரேஸ் பேச்சு தான்.

பேச்சு எல்லாம் சரி. சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒருத்தரின் மகன், 'அப்பா, நானும் ரேஸ் ஓட்டணும்' என்று கேட்டால் அவர் எங்கே கூட்டிப் போவார்?

உலகம் முழுக்க கார் ரேசுக்கு முதல் வாசல் 'கோ-கார்ட்' தான். தரையோடு தரையாக ஓடும் குட்டி வண்டி. கதவு கிடையாது, கூரை கிடையாது, கியர் கூட பெரும்பாலும் கிடையாது. பார்முலா 1-ல் இன்றைக்கு ஓட்டுகிற அத்தனை பேரும் சின்ன வயசில் இதில் உட்கார்ந்து பழகினவர்கள் தான்.

அந்த வாசலில் இரண்டு கதவு. ஒன்று 2 ஸ்ட்ரோக், இன்னொன்று 4 ஸ்ட்ரோக். பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நுழையும் கதவு நன்றாகவே திறந்திருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் நுழையக்கூடிய கதவு தான் துருப்பிடித்துக் கிடக்கிறது.

என்ன வித்தியாசம்?

கார்ட் பிறந்த கதையே ஏழை கதை தான். 1956-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்ற மெக்கானிக், நாலு இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து, புல் வெட்டும் மிஷினுக்கான என்ஜினை மாட்டி ஓட்டிய வண்டி தான் உலகின் முதல் கார்ட்.

அப்புறம் காசு உள்ளே புகுந்தது. இப்போது நம் நாட்டில் தேசிய கார்ட்டிங் சாம்பியன்ஷிப் என்றால் அது ரோட்டாக்ஸ் என்ஜின் தான். ஆஸ்திரியா கம்பெனியின் 125 சிசி, 2 ஸ்ட்ரோக். பெரியவர்கள் பிரிவில் சுமார் 30 குதிரைசக்தி. வேகம் பிரமாதம், செலவும் அப்படியே! பெட்ரோலில் ஆயில் கலக்கணும், குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் என்ஜினைப் பிரித்து பிஸ்டன் மாத்தணும், ரேசுக்கு ரேஸ் புது டயர் போடணும். ஒரு சீசன் ஓட்டி முடிக்க லட்சக்கணக்கில் எடுத்து வைக்கணும்.

4 ஸ்ட்ரோக் என்ஜின் வேறு ரகம். வயல்வெளி பம்பு செட்டிலும், கல்யாண மண்டப ஜெனரேட்டரிலும் பார்க்கிறீர்களே, ஹோண்டா ஜிஎக்ஸ் வகை என்ஜின், கிட்டத்தட்ட அதே தான். 160 சிசி என்றால் 5 குதிரைசக்தி. அதையே 270, 390 சிசி வரைக்கும் போடுகிறார்கள். ஆயிலை அவ்வப்போது மாத்தினால் போதும், நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். பொன்னேரி பக்கம் பம்பு செட் ரிப்பேர் பார்க்கிற யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்.

அப்படி இருந்தும் ஏன் படுத்தது?

முதல் காரணம், மவுசு இல்லை. பீச் ரோட்டிலும் மால்களிலும் 10 நிமிஷத்துக்கு டிக்கெட் வாங்கி ஓட்டுகிற வாடகை கார்ட் எல்லாம் பெரும்பாலும் 4 ஸ்ட்ரோக். அதனால் 'அது பொழுதுபோக்கு வண்டி, ரேஸ் வண்டி இல்லை' என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது, மேலே ஏற படிக்கட்டு இல்லை. 2010-களில் ஜேகே டயர் ஆதரவில் 'இண்டி கார்ட்டிங்' என்ற பெயரில் 4 ஸ்ட்ரோக் தேசியப் போட்டி நடந்தது. ஆனால் பெரிய டீம்கள், ஸ்பான்சர்கள் கண் எல்லாம் 2 ஸ்ட்ரோக் மேலே தான். இதில் ஜெயித்த பையன் அடுத்து எங்கே போவது? மறுபடியும் லட்சங்களைத் தேடித்தான் போகணும்.

மூன்றாவது தான் முக்கியம். மலிவான ரேஸை மலிவாகவே வைத்திருக்கத் தெரியணும். இதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் போதும்.

அமெரிக்கா சொல்லும் பாடம்

அங்கே ஹோண்டா என்ஜினின் சீன காப்பி சில நூறு டாலருக்குள் கடையில் கிடைத்தது. 'ஆஹா, இனி எல்லோரும் ரேஸ் ஓட்டலாம்' என்று கூட்டம் கூடியது. கொஞ்ச நாளில் என்ன ஆச்சு? காசு உள்ளவர்கள் அதே என்ஜினை கில்லாடி மெக்கானிக்குகளிடம் கொடுத்து, பிரித்து, தேய்த்து, அளவெடுத்து மாட்டினார்கள். அந்த மலிவு என்ஜின் ஆயிரம் டாலரைத் தாண்டியது. சும்மா கடையில் வாங்கி ஓட்டியவர் கடைசியில் வந்தார். அடுத்த வருஷம் அவர் வரவே இல்லை!

இதற்கு மருந்து கண்டுபிடித்தது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி. 'எல்ஓ 206' என்று ஒரு 4 ஸ்ட்ரோக் என்ஜின். 204 சிசி, 9 குதிரைசக்தி கூட வராது. ஆனால் பேக்டரியிலேயே சீல் வைத்து அனுப்புகிறார்கள். கடைக்காரரின் தராசுக்கு அரசாங்கம் முத்திரை போடுகிற மாதிரி. சீலை உடைத்தால் போட்டியிலிருந்து அவுட்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. கார்புரேட்டரில் ஒரு சின்ன ஸ்லைடை மாத்தினால் வேகம் குறையும். 8 வயசுப் பையனுக்கு ஒரு ஸ்லைடு, வளர்ந்ததும் வேறு ஸ்லைடு. ஒரே என்ஜினை பல வருஷம் வைத்து ஓட்டலாம். அங்கே காலியாகக் கிடந்த பல உள்ளூர் கிளப்புகளில் இந்த என்ஜின் வந்த பிறகு கூட்டம் திரும்பியது.

ஆக, 4 ஸ்ட்ரோக்கை சாகடிப்பது குறைந்த வேகம் இல்லை. பக்கத்து வண்டிக்காரனின் பர்ஸ் தான்.

நம்ம ஊரிலேயே நடந்திருக்கு

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். இதே ஜி.என்.டி. ரோட்டில், செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே தான் பல வருஷம் ரேஸ் நடத்தியது. விஜய் மல்லையா போன்ற பெரும் புள்ளிகள் ஓட்டினார்கள். அதே ஓடுதளத்தில் பட்டறை மெக்கானிக்குகள் கைவண்ணத்தில் பைக்குகளும் பறந்தன. வடசென்னையே திரண்டு வந்து பார்த்தது.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் வந்ததும் ரேஸ் அங்கே போய்விட்டது. பாதுகாப்புக்கு அது தேவை தான். ஆனால் கும்மிடிப்பூண்டியில் இருந்து அது 60 கிலோமீட்டருக்கு மேல். திருவள்ளூர் மாவட்டத்தின் வாசலில் இருந்த ரேஸ் கைவிட்டுப் போச்சு.

அதே காலகட்டத்தில் கோவையைச் சேர்ந்த கரிவரதன் ஒரு காரியம் செய்தார். இறக்குமதி என்ஜினை நம்பாமல், தெருவில் ஓடும் மாருதி 800 காரின் என்ஜினை எடுத்து ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டினார். அது தான் 'பார்முலா மாருதி'. எல்லோருக்கும் ஒரே என்ஜின், உள்ளூரிலேயே ஸ்பேர் பார்ட்ஸ், உள்ளூர் மெக்கானிக்.

1993-ல் அந்தக் காரில் ரேஸைத் தொடங்கிய கோவைப் பையன் தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் இந்தியாவின் முதல் பார்முலா 1 டிரைவர்! அம்பாசமாக கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள ரேஸ் டிராக் இன்றும் அவர் பெயரில் தான் இருக்கிறது.

சாதாரண என்ஜினில் தொடங்கினால் உசரத்துக்குப் போக முடியாது என்று இனி யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கும்மிடிப்பூண்டிக்கு என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கு. கார்ட் என்பது என்ன? இரும்புக் குழாய், வெல்டிங், லேத் வேலை, செயின், பிரேக், டயர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்குகிறார்கள், உருட்டுகிறார்கள். தேர்வாய் கண்டிகையில் மிச்செலின் லாரி டயர் செய்கிறது. திருவள்ளூரில் ஒரு காலத்தில் மிட்சுபிஷி லான்சர் காரே தயாரானது. கை வேலை தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை.

இன்ஜினியரிங் காலேஜ் பசங்க பைக் என்ஜினை மாட்டி சொந்தமாக கார்ட் கட்டி கோவை டிராக்கில் போட்டி போடுகிறார்கள். அதே வேலையை ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பசங்களாலும் செய்ய முடியும்.

என்ன செய்யலாம்?

* எல்லோருக்கும் ஒரே 4 ஸ்ட்ரோக் என்ஜின், அதுவும் சீல் வைத்தது. சீல் உடைந்தால் பேச்சே இல்லை, வீட்டுக்குப் போகலாம்.

* என்ஜின் போட்டி நடத்துபவரின் சொத்தாக இருக்கட்டும். ரேஸ் அன்று காலையில் சீட்டு குலுக்கிப் போட்டு கொடுக்கணும். எந்த என்ஜின் யாருக்கு என்பது முருகன் விட்ட வழி!

* சொந்த என்ஜின் என்றால், ஜெயித்தவரின் என்ஜினை யார் வேண்டுமானாலும் குறித்த விலைக்கு கேட்டு வாங்கலாம் என்று விதி வைக்கணும். அமெரிக்காவில் சில உள்ளூர் ரேஸ்களில் இந்த விதி உண்டு. விற்க வேண்டி வரும் என்றால் எவன் அதில் காசைக் கொட்டுவான்?

* டயர் தான் கண்ணுக்குத் தெரியாத செலவு. கெட்டியான ரப்பர் டயர், ஒரு செட் வாங்கினால் பல ரேஸ் ஓடணும்.

* பிரிவுகளைக் கூட்டாதீர்கள். பத்து வண்டியை ஐந்து பிரிவாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கப் கிடைக்கும், ரேஸ் இருக்காது. சிறுவர், பெரியவர் என்று இரண்டு போதும். எடை குறைந்தவர் வண்டியில் ஈயக் கட்டியை வைத்து சமமாக்கிவிடலாம்.

* ஒருத்தர் வண்டி வாங்க முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி. இங்கிலாந்தில் ஹோண்டா 160 சிசி என்ஜின் இரண்டை மாட்டிய கார்ட்டில், ஆள் மாத்தி ஆள் மணிக்கணக்கில் ஓட்டும் ரேஸ் பிரபலம். செலவு நாலாகப் பிரியும்.

டிராக்? இருங்காட்டுக்கோட்டையில் பெரிய டிராக்கை ஒட்டியே சர்வதேச தரத்தில் கார்ட் டிராக் வந்துவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு 4 ஸ்ட்ரோக் பசங்களுக்கு குறைந்த வாடகையில் விட்டால் போதும். உள்ளூரில் பழக, தரை சமமாக இருக்கும் பெரிய பார்க்கிங் இடத்தில் தடுப்பு வைத்து தற்காலிக டிராக் போடலாம். வெளிநாடுகளில் பல கிளப்புகள் இப்படித்தான் பிழைத்துக் கிடக்கின்றன. ஆனால் மோட்டார் ஸ்போர்ட்ஸ் சம்மேளனத்தின் அனுமதி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஏற்பாடு இல்லாமல் ஒரு வண்டி கூட நகரக்கூடாது.

உயிர் விளையாட்டு இல்லை

இதில் கறாராக இருக்கணும். 2020-ல் ஐதராபாத் அருகே வாடகை கார்ட்டில் போன ஒரு மாணவியின் தலைமுடி சக்கரத்தில் சிக்கி உயிரே போனது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் பைக் ரேஸ் ஓட்டிய 13 வயசுச் சிறுவன் விழுந்து இறந்தான். ஹெல்மெட், கழுத்துப் பட்டை, முடியை உள்ளே கட்டுவது, துப்பட்டாவுக்குத் தடை... இதில் எதிலும் சலுகை கூடாது.

'அப்போ ரேஸே வேண்டாம்' என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஜி.என்.டி. ரோட்டில் நின்று பாருங்கள். ஹெல்மெட் இல்லாமல், லாரிக்கும் பஸ்சுக்கும் நடுவே பைக்கைச் சாய்த்துக்கொண்டு போகிறார்கள். பிடிபட்டால் கேஸ், தவறினால் பிணவறை. வேகம் பிடித்த பையனுக்கு வேலி போட்ட இடம் ஒன்று வேண்டாமா?

பணம் எங்கிருந்து வரும்?

தீவுத்திடல் ரேசுக்கு கோடிக்கணக்கில் புழங்கியது. அதில் பொடித்துகள் அளவு போதும், இருபது வண்டி வாங்கி ஒரு 4 ஸ்ட்ரோக் லீக்கை ஓட்டிவிடலாம். சிப்காட் கம்பெனிகளின் சமூக நிதி இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வண்டி, தன் தொழிலாளர் பிள்ளைகளில் நாலு பேர். கம்பெனி கிரிக்கெட் டீம் இருக்கும்போது கார்ட் டீம் ஏன் இருக்கக்கூடாது?

பிரான்ஸ் நாட்டு பார்முலா 1 டிரைவர் எஸ்டபன் ஓகானின் அப்பா ஒரு மெக்கானிக். மகனின் கார்ட் ரேசுக்காக வீட்டை விற்று, குடும்பமே கேரவன் வண்டியில் வாழ்ந்தது. லூயிஸ் ஹாமில்டனின் அப்பா மகனுக்காக ஒரே நேரத்தில் பல வேலை பார்த்தார். அந்த அப்பாக்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் வீட்டை விற்றால் தான் பிள்ளை ஓட்ட முடியும் என்ற விளையாட்டு, கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டுக்காரருக்கு எப்படி சரிப்படும்? விற்க வீடு வேணுமே!

எல்லா பையனும் நரேன் ஆக மாட்டான். ஆனால் இருபது பேர் ஓட்டினால் அவர்களைச் சுற்றி நாற்பது பேர் ஸ்பேனர் பிடிப்பார்கள். என்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் மெக்கானிக்கை எந்தக் கம்பெனியும் வேண்டாம் என்று சொல்லாது.

வண்டி கட்ட ஆள் இருக்கு, ஓட்டப் பசங்க இருக்காங்க. சீல் வைத்த என்ஜினும், சீல் வைக்காத டிராக் கேட்டும் தான் பாக்கி.