வாங்கும் கரம் வழங்கவும் வேண்டும்

பிறந்து சில வாரங்களே ஆன பச்சிளங்குழந்தை. அதன் கண்களில் மஞ்சள் படர்கின்றது. ‘காமாலைதான், தானாக மறைந்துவிடும்’ என்று பெரியவர்கள் தேற்றுகின்றார்கள். நாட்கள் செல்கின்றன, மஞ்சள் மறையவில்லை. மலம் வெளிறிப் போகின்றது. மருத்துவரிடம் கொண்டு சென்ற பின்னரே, கல்லீரலிலிருந்து பித்தநீரைக் கொண்டு செல்லும் நாளங்கள் அடைபட்டிருப்பது தெரிய வருகின்றது. முதல் இரண்டு மாதங்களுக்குள் கண்டறிந்தால், அறுவைச் சிகிச்சையினால் பித்தநீருக்கு வேறு வழி அமைக்க முயலலாம். அது கைகூடாவிடில் கல்லீரல் சிறுகச் சிறுகக் கெட்டுப் போகும். பின்னர் அக்குழந்தை பிழைக்க ஒரே வழிதான் உண்டு. வேறொருவருடைய கல்லீரலின் ஒரு பகுதி அதற்குக் கிடைக்க வேண்டும்.

1998 நவம்பரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை ஒன்றிற்கு இந்நிலை நேர்ந்தது. டில்லியில் நடந்த அறுவைச் சிகிச்சையில், தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து அக்குழந்தைக்குப் பொருத்தினார்கள். இந்தியாவில் ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டு வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று அறுவை அதுவே. அன்று பிழைத்த குழந்தை வளர்ந்து, மருத்துவம் பயின்று, தாமும் ஒரு மருத்துவரானார்.

ஆயினும், எல்லாத் தந்தையராலும் இவ்வாறு கொடுத்துவிட இயலுமா? இரத்த வகை ஒவ்வாமற் போகலாம். தந்தையே நோயாளியாக இருக்கலாம். இதயமே பழுதுற்ற பிள்ளைக்கோ, உயிரோடிருக்கும் எவராலும் எதையும் கொடுக்க இயலாது. இத்தகைய பெற்றோர், முகமறியாத யாரோ ஒருவரின் குடும்பம் மனமிரங்கும் நாளை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றார்கள். அக்குடும்பம் நம்முடையதாக இருக்கலாகாதா என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் வினா.

‘பிள்ளைகளுக்கு உதவப் பிள்ளைகளின் உறுப்புகள் அல்லவா வேண்டும்? வயது வந்த நாம் பதிவு செய்து என்ன பயன்?’ என்று சிலர் எண்ணக்கூடும். அது சரியன்று. இறந்த ஒருவரின் கல்லீரல் தக்க நிலையில் இருந்தால் அதனை இரண்டாகப் பிரிக்க இயலும். பெரும்பகுதி வயது வந்த ஒருவருக்கும், சிறுபகுதி ஒரு குழந்தைக்கும் பொருந்தும். வயது வந்தவரின் சிறுநீரகத்தைச் சிறுவர் சிறுமியருக்கும் பொருத்துகின்றார்கள். கண்ணின் விழிப்படலத்திற்கோ கொடுப்பவரின் வயது பெரும் தடையன்று.

இதயத்திற்கு மட்டும் அளவு பொருந்த வேண்டும். ஆதலால், சிறு பிள்ளையின் இதயம் பெரும்பாலும் மற்றொரு பிள்ளையிடமிருந்தே வரவேண்டியிருக்கின்றது. 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற 15 வயதுச் சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய தாயும் தந்தையும் தானமாகக் கொடுத்தனர். சென்னைப் போலீசார் சாலைகளை ஒழுங்குபடுத்தி வழிவிட, அவனது இதயம் 11 நிமிடங்களில் மற்றொரு மருத்துவமனையை அடைந்து, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் நெஞ்சில் துடித்தது. தமிழகம் உறுப்பு தானத்தை உணர்ந்துகொண்ட நாள் அது.

நம்மவருக்கு உள்ள தயக்கத்தை நாம் அறியாதவரல்லோம். உடல் இறைவன் தந்த அமானிதம். இறந்தவரின் உடலுக்கு ஊறு செய்தல் ஆகாது என்பது நமக்குப் போதிக்கப்பட்ட ஒழுக்கம். இறைவனுக்கு அஞ்சும் உள்ளத்தில் பிறக்கும் இத்தயக்கத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. ஆனால், மார்க்க அறிஞர்கள் இதனை ஆராயாமல் விட்டுவிடவில்லை. 1982-ல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை, தேவையை முன்னிட்டு உறுப்பு மாற்றத்தை அனுமதித்தது. 1986 அக்டோபரில் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மூளையின் இயக்கம் முழுவதும் மீளாதவாறு நின்றுவிட்டதெனத் தேர்ந்த மருத்துவர்கள் உறுதி செய்தால் அதனை மரணமாகக் கொள்ளலாம் எனத் தீர்மானித்தது. அதே அகாடமி 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடியபோது, இறந்தவர் தம் வாழ்நாளில் இசைவு தந்திருந்தாலோ, இறந்தபின் வாரிசுகள் இசைந்தாலோ, அவருடைய உறுப்பைக் கொண்டு ஓர் உயிரைக் காக்கலாம் எனவும், உறுப்புகளை விலைக்கு விற்பது ஆகாது எனவும் முடிவு செய்தது.

தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் சிங்கப்பூரிலும் ஒரு படிப்பினை உண்டு. 1987-ல் அங்கு இயற்றப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டம் முஸ்லிம்களுக்கு விலக்கு அளித்திருந்தது. பின்னர், அந்நாட்டு இஸ்லாமிய சமய மன்றத்தின் மார்க்கத் தீர்ப்பை அடுத்து, 2008 ஆகஸ்ட் 1 முதல் அவர்களும் அச்சட்டத்தினுள் வந்தனர். விரும்பாதவர் விலகிக் கொள்ளவும் வழியுண்டு.

இத்தீர்ப்புகளை எல்லா அறிஞர்களும் ஏற்றுக்கொண்டு விட்டனர் என்று கூறமாட்டோம். நம் துணைக்கண்டத்து உலமாக்களில் மறுப்போரும் உளர். மூளைச்சாவை மரணமாக ஏற்கத் தயங்குவோரும் உளர். ஐயமுள்ளவர்கள் தாம் நம்பும் ஆலிமை அணுகித் தெளிவு பெறட்டும். ஆனால், கேட்டுத் தெளிவதற்கும் கேளாமலேயே ஒதுங்கிவிடுவதற்கும் வேற்றுமை உண்டு. நம் பிள்ளைக்கு உறுப்பு கிடைக்கும் நாளில், ‘கொடுத்தவர் எந்த மதத்தார்?’ என்று நாம் கேட்பதில்லை. அண்டை நாடான இலங்கையில் 1961-ல் டாக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் அனுப்பிய விழிப்படலங்களினால் பாகிஸ்தானில் பார்வை பெற்ற முஸ்லிம்கள் ஏராளம். கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் பௌத்தர்கள். பெற்றுக்கொள்ளுதல் தகும் எனில், கொடுத்தல் மட்டும் எங்ஙனம் தகாததாகும்?

நடைமுறை குறித்த அச்சங்களும் உள. ‘உயிர் இருக்கும்போதே எடுத்துவிடுவார்களோ?’ என்பது அவற்றுள் முதன்மையானது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, நான்கு மருத்துவர் அடங்கிய குழுவே மூளைச்சாவை உறுதி செய்ய வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதனை நிகழ வேண்டும். உறுப்பைப் பொருத்தும் மருத்துவர் எவரும் அக்குழுவில் இடம்பெறலாகாது. உறுப்பு வாணிபம் கடுஞ்சிறைக்குரிய குற்றம்.

‘மையித்து சிதைந்து போகுமே’ என்பது மற்றோர் அச்சம். மூளைச்சாவுக்கு ஆளாவோரில் சாலை விபத்தில் சிக்கியோர் பலர். விபத்தில் இறந்தோரின் உடலைச் சட்டம் எவ்வாறாயினும் பிரேதப் பரிசோதனைக்கு உட்படுத்துகின்றது. அதனை நாம் பொறுமையோடு ஏற்று வருகின்றோம். உறுப்பை எடுப்பதும் ஓர் அறுவைச் சிகிச்சை போன்றதே. உடலைத் தைத்து, மரியாதையுடன் ஒப்படைப்பார்கள். சில மணி நேரத் தாமதம் நேரலாம். ஆனால் குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், ஜனாஸாத் தொழுகை, அடக்கம் எதுவும் தடைபடுவதில்லை. மண்ணில் மக்கிய எலும்புகளையும் ஒன்று திரட்டி எழுப்ப வல்ல இறைவனுக்கு, ஓர் ஏழைப் பிள்ளையின் உயிர் காக்கக் கொடுத்த உறுப்பு ஒரு குறையாகிவிடுமா?

பதிவு செய்வது எளிது. பதினெட்டு வயது நிரம்பியவர்கள், தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பின் இணையப் பக்கத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு உறுதிமொழி அளிக்கலாம். தமிழ்நாட்டில் இப்பணிக்கென மாநில உறுப்பு மாற்று ஆணையமும் இயங்கி வருகின்றது.

ஆனால், பதிவோடு கடமை முடிந்து விடுவதில்லை. நாம் உறுதிமொழி அளித்திருந்தாலும், அந்த நேரத்தில் மருத்துவர்கள் நம் குடும்பத்தாரிடமே இசைவு கேட்பார்கள். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கண்ணீரோடு நிற்கும் மனைவியோ, மகனோ, நம் விருப்பம் இன்னதென்று முன்னமே அறிந்திருந்தால்தான் ‘சரி’ என்று சொல்லும் வலிமை அவர்களுக்கு வரும். அறியாதிருந்தால், பதிவு அட்டை வெறும் காகிதமாகவே நின்றுவிடும்.

ஆகவே, இன்று ஜும்ஆ முடிந்து இல்லம் திரும்பியதும், உணவுக்காக அனைவரும் ஒன்றாக அமரும் வேளையில், இப்பேச்சைத் தொடங்குங்கள். வீட்டுப் பெரியவர்களின் கருத்தைக் கேளுங்கள். உங்கள் எண்ணத்தைக் கூறுங்கள். மரணத்தைப் பற்றிய பேச்சு வீட்டிற்கு ஆகாது என்று அஞ்ச வேண்டாம். இறந்த பின்னும் நன்மை தொடரும் தருமங்களை விட்டுச் செல்லுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கின்றார்கள். முகமறியாத ஒரு பிள்ளையின் மஞ்சள் படர்ந்த கண்கள் மீண்டும் வெண்மை பெறுமாயின், அதனினும் பெரிய தருமம் எது? எல்லாம் வல்ல இறைவன் நம் உள்ளங்களை அந்நன்மையின்பால் திருப்புவானாக!