கல்லில் இல்லாத கணக்கு

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சங்கமிக்கும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்து ஆதுலசாலையெனும் மருத்துவமனைக்கு 15 படுக்கைகளும், வைத்தியரும், சல்லியக்கிரியை செய்பவரும், சேமிக்கவேண்டிய மருந்துகளும் இன்னவையென விஸ்தாரமாக விதிக்கும் கோயிற் சாசனம், குணமடைந்தவர் எத்தனை பேரென்று சொல்வதில்லை. கல்லிடம் அதைக் கேட்பதும் நியாயமன்று. அத்தகைய கணக்கைப் பிற்காலத்தில் எடுத்தது, 1956-இல் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம்: நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை நெரிசலான சொந்த வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்ததில், பலன் ஏறக்குறைய சமமென்று 1959-இல் வெளிப்பட்டது; வீட்டாருக்கு அதனால் அதிக அபாயமில்லையென்பதும் பின்னர் தெரியவந்தது. தறியை விட்டு மாதக்கணக்கில் படுத்திருக்க இயலாத காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இதைவிடப் பேருபகாரம் ஏது? ஆயினும் மருத்துவமனைக் கட்டடத் திறப்புவிழாவில் நாம் காட்டும் உற்சாகத்தில் பாதியையேனும், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எந்தச் சிகிச்சை பலித்ததென்று மாவட்டந்தோறும் பரீட்சிப்பதில் காட்டக் காணோம்.