மறைந்த படைவீரரின் பணிக் கோப்பும் நிலுவைத் தொகையும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஓய்வுபெற்ற படைவீரர் இறந்துபோனால், அவருடைய பணி ஆவணங்களின் முழுப் பிரதி அவர் மனைவிக்குக் கேட்காமலே கிடைக்க வேண்டும். அவருக்கு வரவேண்டியிருந்த பாக்கியும், அவர் தொடங்கிவைத்து முடியாமல் நின்ற கோரிக்கையும் அவரோடு முடிந்துவிடக் கூடாது. அரசின் கையில் இருந்த காகிதம் தொலைந்திருந்தால் அந்தக் குறையை மனைவியின் தலையில் கட்டக் கூடாது. முன்னாள் படைவீரர்களின் மனைவியருக்காகத் தமிழ்நாட்டில் வேலை செய்யும் எங்கள் சங்கம் எடுத்திருக்கும் நிலைப்பாடு இது.

போரில் வீழ்ந்தவரின் மனைவியை ‘வீர நாரி’ என்று மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறார்கள். அது வேண்டியதுதான். நாங்கள் பேசுவது வேறு பெண்களுக்காக. பென்ஷனோடு ஊருக்குத் திரும்பி, செக்யூரிட்டி வேலை பார்த்து, அறுபதிலோ எழுபதிலோ மாரடைப்பில் போய்ச்சேர்ந்த சிப்பாய், நாயக், ஹவில்தார்களின் மனைவியர் அவர்கள். எண்ணிக்கையில் இவர்களே அதிகம். மேடை இவர்களுக்கு இல்லை.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரின் கணவர்களுக்கும் ஒரே இடத்தில் கோப்பு இருக்காது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி என்றால் நாசிக், இ.எம்.இ. என்றால் செகந்திராபாத், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். பென்ஷனை அனுமதிக்கும் அலுவலகமோ பிரயாக்ராஜில். எங்கே எழுதினாலும் முதல் கேள்வி ஆர்மி நம்பர். டிஸ்சார்ஜ் புக் தொலைந்துபோன வீடுகளில் நாங்கள் முதலில் கேட்பது பழைய டிரங்குப் பெட்டியைத்தான். நெல்லோ போர்வையோ போட்டு வைத்திருப்பார்கள். மூடியைத் துடைத்தால் நம்பர், ரேங்க், பெயர் மூன்றும் வெள்ளைப் பெயின்டில் தெரியும். அந்த நம்பரை வைத்துக் கோப்பைப் பிடித்திருக்கிறோம்.

நம்பர் கிடைத்த பிறகு பெயர்ப் பிரச்சினை வரும். கல்யாணமான புதிதில் யூனிட் கிளார்க் போட்ட பார்ட் டூ ஆர்டர் என்ற பணிப்பதிவு ஆணையில் மனைவியின் பெயர் ‘பாக்கியம்’ என்றிருக்கும். ஆதாரில் ‘பாக்கியலட்சுமி’. ஓர் எழுத்து மாறினாலும் அஃபிடவிட், தாசில்தார் சான்று, மறுபடி அஃபிடவிட். மனைவியின் பிறந்த தேதி, பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணைகள் பலவற்றில் இருக்காது; இருந்தால் தவறாக இருக்கும். இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயது முடிந்ததும் 20 சதவீதம் கூடுதலாக வர வேண்டும். 85-இல் 30, 90-இல் 40. தேதி பதிவில் இல்லாதவருக்கு வயது ஏறும், பென்ஷன் ஏறாது.

மருத்துவ ஆவணத்தின் கதை இதைவிடப் பெரியது. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கணவர் கடைசியாக வாங்கிய, கணக்கில் கொள்ளத்தக்க ஊதியத்தில் 30 சதவீதம். பணியினால் வந்த அல்லது பணியில் முற்றிய நோயால் இறந்தார் என்று ஏற்கப்பட்டால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். இரண்டுக்கும் நடுவே நிற்பது, அவர் வெளியே வரும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் சில பக்கங்கள். அந்தப் பக்கங்களை மனைவி கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

பணியில் சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், பின்னால் வந்த நோய் பணியினால் வந்தது என்றே கொள்ள வேண்டும், அதை நிரூபிக்கும் சுமை வீரருக்கு இல்லை என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. ஊனமுற்றோர் ஓய்வூதியத்தின் சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை, ஊனத்தால் வெளியேற்றப்பட்டவருக்கு மட்டுமல்ல, பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014-இல் தீர்ப்பானது. 20 சதவீத ஊனம் 50 ஆகக் கணக்காகும். இதெல்லாம் தெரியாமலே கண்மூடியவர்கள் ஏராளம். அவர் உயிரோடு இருந்த காலத்துக்கான அந்தப் பாக்கியை மனைவி கேட்கலாம். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கும் போகலாம். ஆனால் தாமதமாகப் போனவர்களுக்குப் பொதுவாக மனுத் தேதிக்கு முந்தைய மூன்றாண்டுப் பாக்கிதான் கிடைத்துவந்திருக்கிறது. கோப்பு கிடைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அவருக்குப் பண நஷ்டம். நீதிமன்றத்தில் வீரருக்கு இல்லாத சுமையை அலுவலகத்தில் மட்டும் அவர் மனைவி ஏன் சுமக்க வேண்டும்?

கோப்பைக் கேட்டால் என்ன நடக்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்ட எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு, நீங்கள் மூன்றாம் நபர் என்று பதில் வந்தது. அடையாள அட்டையில் கணவரோடு ஜாயின்ட் போட்டோ எடுத்துக்கொண்டவர் மூன்றாம் நபராம்! அந்தரங்கத் தகவலுக்கான 8(1)(ஜே) பிரிவைத்தான் காட்டுகிறார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை மேலும் இறுக்கிவிட்டது. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவோ, ஒருவர் இறந்தபின் அவருடைய தரவு உரிமையை அவர் நியமித்தவர் பயன்படுத்தலாம் என்கிறது. பி.பி.ஓ.வில் குடும்ப ஓய்வூதியத்துக்கு உரியவராக எழுதப்பட்ட மனைவியையே அப்படி நியமிக்கப்பட்டவராகக் கொள்ள வேண்டும் என்பது எங்கள் வாதம். ஓர் அரசாணை போதும்.

ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்தவர்களின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படுகின்றன; லாங் ரோல் எனப்படும் பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரி மிஞ்சும். ‘விதிப்படி அழிக்கப்பட்டது’ என்ற பதிலோடு மனைவியின் கோரிக்கையும் மூடப்படுகிறது. அழித்தது அரசு. ஆகவே லாங் ரோல் பதிவும், வீட்டிலிருக்கும் பதக்கம், கடிதம், மணியார்டர் ரசீது, உடன் பணியாற்றியவரின் வாக்குமூலம் போன்றவையும் போதிய சான்றாக ஏற்கப்பட வேண்டும். சந்தேகத்தின் பலன் அவருக்கே சேர வேண்டும். இனிமேல் ஸ்கேன் செய்யாமல் எதையும் அழிக்கவும் கூடாது.

ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம் வந்த பிறகு வங்கி, கருவூலம் என்ற அலைச்சல் குறைந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கு கணவரின் கைபேசி எண்ணோடு இணைந்திருக்கிறது. காரியம் முடிந்த கையோடு பிள்ளைகள் அந்த சிம்மை ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிடுவார்கள். ஓ.டி.பி. யாருக்கும் வராது. இறப்பைத் தெரிவிப்பது ஒன்று, குடும்ப ஓய்வூதியம் தொடங்குவது இன்னொன்று, எல்.டி.ஏ. எனப்படும் வாழ்நாள் நிலுவை மூன்றாவது. முதல் இரண்டையும் முடித்துவிட்டு மூன்றாவதைக் கேட்க வேண்டும் என்றே பலருக்குத் தெரியாது. ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தின் 2019 திருத்தப் பாக்கியைக் குடும்ப ஓய்வூதியர்களுக்கு 2023 ஏப்ரல் 30-க்குள் ஒரே தவணையில் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 70 வயதாகாத ஓய்வூதியர்களுக்கு மூன்று தவணை, 2024 பிப்ரவரி வரை. தவணைகளுக்கு நடுவே கணவரை இழந்தவர், மிச்சத் தவணை எங்கே என்று இப்போதாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

மோசடி நடக்கும், இரண்டாம் மனைவி வந்து நிற்பார் என்று அதிகாரிகள் சொல்வது பொய்யல்ல. இரண்டையும் நாங்களும் பார்த்திருக்கிறோம். சரிபார்க்கட்டும். ஒரு முறை, ஒரே இடத்தில், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சரிபார்க்கட்டும். அங்கே ஏற்ற சான்றை ரெக்கார்ட் ஆபீசும் பிரயாக்ராஜும் வங்கியும் ஏற்க வேண்டும். 30 நாளில் கோப்புப் பிரதியும், 90 நாளில் எல்லாப் பாக்கியும் கொடுக்கப்பட வேண்டும். தாமதமானால் வட்டி. அவர் போட்டுவைத்த கோரிக்கை புது மனு இல்லாமல் மனைவி பெயருக்கு மாற வேண்டும்.

அரசு அசையும்வரை, உயிரோடிருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே பி.பி.ஓ.வை எடுங்கள். மனைவியின் பெயர், பிறந்த தேதி இரண்டும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே திருத்துங்கள். உங்கள் ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை அது. டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு பிரதி, நாமினேஷன் எல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதை அவரிடம் சொல்லி வையுங்கள்.