தக்காளி விலைக்கு வட்டி உயர்வா? பாதி கெய்ன்ஸை வைத்து முழு வைத்தியம் பார்க்காதீர்கள்!

ஒரு சின்னக் கேள்வி. வட்டியை ஏற்றினால் தக்காளி காய்க்குமா?

சிரிக்காதீங்க. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது ரிசர்வ் வங்கி. காரணம் கேட்டால் விலைவாசி. அதற்குப் பிறகு 2025 பிப்ரவரி வரை, முழுசாக இரண்டு வருஷம், கொஞ்சம்கூட இறக்கவில்லை. அதற்கும் காரணம் விலைவாசி. குறிப்பாக, சாப்பாட்டுப் பொருள் விலை.

இந்த இரண்டரை சதவீதம் உங்க வீட்டில் என்ன செய்தது? 25 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 20 வருஷத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 19,400 ரூபாய். அதே கடன் 9.5 சதவீதத்தில் சுமார் 23,300 ரூபாய். மாதத்துக்கு 3,900 ரூபாய் கூடுதல். தவணையை ஏற்றாமல் வருஷத்தை நீட்டிவிட்ட வங்கிகளும் உண்டு. அது இன்னும் மோசம், கட்டிக்கிட்டே இருக்கணும். திருப்பூரில் நாலு தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறவருக்கும், கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கும் இதே அடிதான்.

இதைக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். டிவி விவாதத்தில் கோட் போட்டவர் சொல்வார்: "கெய்ன்ஸ் வழிவந்த பொருளாதார மாடல் அப்படித்தான் சொல்லுது, வேற வழியில்லை." வாட்ஸ்அப்பில் ஒருத்தர் சொல்வார்: "கெய்ன்ஸா? அது 1970-லயே செத்துப்போன சரக்கு. அரசாங்கம் செலவு பண்றதுதான் எல்லாத்துக்கும் காரணம்."

இரண்டுமே தப்பு. ஏன் என்று பார்ப்போம். நாளைக்கு உங்களிடம் யாராவது வாதம் செய்தால் பதில் கையில் இருக்கணும்.

▪️ கெய்ன்ஸ் சொன்னது என்ன?

உலகப் பெருமந்தத்தில் லட்சக்கணக்கான பேர் வேலை இழந்து நின்ற காலத்தில், 1936-ல் தன் முக்கியமான நூலை எழுதினார் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். சாரம் எளிமையானது. மக்கள் கையில் காசு இல்லையென்றால் பொருள் வாங்க மாட்டார்கள். வாங்க ஆள் இல்லையென்றால் முதலாளி ஆள் எடுக்க மாட்டார். ஆள் எடுக்காவிட்டால் மக்கள் கையில் காசு வராது. இந்தச் சுழலை வட்டிக் குறைப்பு மட்டும் உடைக்காது. அரசு இறங்கிச் செலவு செய்ய வேண்டும் என்றார்.

1949-ல் பில் பிலிப்ஸ் என்ற பொருளாதார அறிஞர், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் இந்தச் சிந்தனையை ஒரு எந்திரமாகவே கட்டிக் காட்டினார். குழாய்களிலும் தொட்டிகளிலும் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீர்தான் நாட்டின் வருமானம். வரி, சேமிப்பு, இறக்குமதி, அரசுச் செலவு, முதலீடு என்று ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு, திருக அடைப்பு உண்டு.

இன்றைக்கு மத்திய வங்கிகள் வைத்திருக்கும் மாடல்களில் பல அந்தக் குடும்பத்தின் வாரிசுகள். நம் ரிசர்வ் வங்கியின் காலாண்டு முன்கணிப்பு மாடலும் அதில் ஒன்று. ஆனால் நடைமுறையில் என்ன ஆச்சு? அத்தனை குழாயில் ஒன்றே ஒன்றைத் திருகுகிறார்கள்: வட்டி. மிச்சத்துக்கெல்லாம் பூட்டு. இதைத்தான் பாதி கெய்ன்ஸ் என்கிறோம்.

▪️ அப்போ மாடல் வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. எல்லாரும் கடன் வாங்கி வாங்கிக் குவிக்க, கடையில் சரக்கு பத்தாமல் விலை ஏறுகிறதா? வட்டியை ஏற்றினால் வாங்குவது குறையும், விலை அடங்கும். அந்த நோய்க்கு அது சரியான மருந்து.

ஆனால் மழை பெய்து பயிர் அழுகி விலை ஏறினால்? சரக்கே வரவில்லை. இங்கே வட்டியை ஏற்றினால் தக்காளி கூடாது, வேலைதான் குறையும்.

1973-74ல் உலகம் பார்த்தது இதைத்தான். கச்சா எண்ணெய் பேரல் 3 டாலரிலிருந்து சுமார் 12 டாலருக்குப் போனது. விலைவாசியும் ஏறியது, வேலையின்மையும் ஏறியது. கெய்ன்ஸ் கதை முடிந்தது என்று அப்போது எழுதினார்கள், இன்றும் அதையே பார்வர்ட் செய்கிறார்கள். உண்மையில் அடிபட்டது, வேலையின்மை கூடினால் கூலி உயர்வு அடங்கும் என்று 1958-ல் பிலிப்ஸ் வரைந்த கோட்டை நிரந்தர விதியாக நம்பியவர்களின் கணக்கு. அதற்குப் பிறகு வந்த மாடல்கள் தேவையால் வரும் விலையேற்றம் வேறு, வரத்து குறைந்து வரும் விலையேற்றம் வேறு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டன. ரிசர்வ் வங்கியின் மாடலிலும் உணவு தனி, எரிபொருள் தனி. வித்தியாசம் மாடலுக்குத் தெரியும். முடிவு எடுக்கிறவர்கள் அதை மதிக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

▪️ ஆதாரம் இதோ

நியாயமாகவே பேசுவோம். 2022-ல் உக்ரைன் போர், அமெரிக்காவில் வட்டி உயர்வு, ரூபாய் சரிவு எல்லாம் இருந்தன. உணவு, எரிபொருள் நீக்கிய விலைவாசியும் 6 சதவீத அளவில் இருந்தது. அன்றைக்கு ஓரளவு ஏற்றியதை நாம் குறை சொல்லவில்லை.

2023 ஜூலைக்கு வாருங்கள். சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். உணவுப் பணவீக்கம் 11.51 சதவீதம். தக்காளி விலை ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. அடுத்த இரண்டே மாதத்தில், செப்டம்பரில், பணவீக்கம் 5.02 சதவீதத்துக்கு இறங்கியது. இடையில் ரெப்போ வட்டி அசையவே இல்லை! புது விளைச்சல் சந்தைக்கு வந்தது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் மக்களைக் கொஞ்சமாவது காப்பாற்றியது எது? நம் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்ற தக்காளி.

2024 அக்டோபர். காய்கறி விலை 42 சதவீதம் ஏற்றம், மொத்தப் பணவீக்கம் 6.21. அதே நேரத்தில் ஜூலை-செப்டம்பர் காலாண்டின் வளர்ச்சி 5.4 சதவீதம் என்று கணக்கு வந்தது, அதிர்ச்சி அடையும் அளவுக்குக் குறைவு. டிசம்பரில் கூடிய நிதிக் கொள்கைக் குழுவில் ஆறு பேரில் இரண்டு பேர் குறைக்கலாம் என்றார்கள். நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். வட்டி அப்படியே நின்றது.

2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம்! சரக்கு சேவை வரிக் குறைப்பும் ஒரு காரணம். ஆனால் உணவு விலையே 5 சதவீதம் கீழே போயிருந்தது. ஏறும்போதும் காய்கறி, இறங்கும்போதும் காய்கறி. ஏறினால் கடன்காரன் அழணும், இறங்கினால் விவசாயி அழணும். இதுதான் விலை நிலைத்தன்மையா?

▪️ "கூலி ஏறிடும்" என்ற பூச்சாண்டி

அவர்கள் கையில் ஒரு வாதம் உண்டு. உணவு விலை ஏறினால் எல்லாரும் கூலி உயர்வு கேட்பார்கள், அதனால் எல்லா விலையும் ஏறும், அதனால் முன்கூட்டியே வட்டியை ஏற்றணும் என்பது. பிலிப்ஸ் எடுத்தது 1861 முதல் 1957 வரையிலான பிரிட்டன் கணக்கு. அங்கே பலமான தொழிற்சங்கங்கள் இருந்தன. நம் ஊரில் சித்தாள் வேலைக்குப் போகிற அக்காவுக்கு அகவிலைப்படி யார் தருகிறார்கள்? தக்காளி நூறு ரூபாய் ஆனால் அவர் கூலி உயர்வு கேட்க மாட்டார். குழம்பில் தக்காளியைக் குறைப்பார்.

▪️ இறக்கினாலும் போதாது

2019 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை வட்டியை 1.35 சதவீதப் புள்ளி குறைத்தார்கள். கம்பெனி வரியையும் 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள், 1.45 லட்சம் கோடி வருவாய் இழப்பு என்று அவர்களே சொன்னார்கள். பலன்? அந்த நிதியாண்டின் வளர்ச்சி 4 சதவீத அளவுக்குச் சரிந்தது. வாங்க ஆள் இல்லாத ஊரில் மலிவுக் கடன் வாங்கி எவன் ஃபாக்டரி கட்டுவான்? கெய்ன்ஸ் 1936-ல் சொன்னது அப்படியே நடந்தது.

இப்போ 2023 பிப்ரவரியைப் பாருங்கள். 1-ஆம் தேதி பட்ஜெட்டில் 100 நாள் வேலைத் திட்டத்துக்கு 60,000 கோடி. கொரோனா ஆண்டில் இதே திட்டத்துக்கு 1 லட்சம் கோடிக்கு மேல் போனது. சரியாக ஒரு வாரம் கழித்து, 8-ஆம் தேதி, ரெப்போ வட்டி 6.5 சதவீதம். ஒரு கை கூலியைப் பிடுங்கியது, இன்னொரு கை கடனை இறுக்கியது. கிராமத்தில் வேலை கேட்டு வந்த கூட்டம் தாங்காமல் பிறகு தொகையைக் கூட்ட வேண்டி வந்தது வேறு கதை.

▪️ நாம் கேட்பது நான்கு

1. வட்டியை ஏற்றும் முன், இந்த விலையேற்றத்தில் தேவையால் வந்தது எவ்வளவு, வரத்துக் குறைவால் வந்தது எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி மக்களுக்குச் சொல்லணும்.

2. 2022-ல் தொடர்ந்து மூன்று காலாண்டு 6 சதவீத உச்சவரம்பைத் தாண்டியதால், ஏன் தவறினோம் என்று ரிசர்வ் வங்கி ஒன்றிய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. நாடாளுமன்றத்தில் கேட்டபோதும் அதை வெளியிடவில்லை. தவணை கட்டியது நாம். அறிக்கை மட்டும் ரகசியமா? வெளியிடுங்கள்.

3. குழுவின் ஆறு பேரில் மூன்று பேர் ரிசர்வ் வங்கி, மூன்று பேர் ஒன்றிய அரசு நியமனம். மாநிலங்களின் குரலுக்கும், உழவர், தொழிலாளர் குரலுக்கும் அங்கே நாற்காலி போடுங்கள்.

4. உணவு விலைக்கு மருந்து குளிர்பதனக் கிடங்கு, கொள்முதல், ரேஷன் கடை. அதற்குச் செலவு செய்யுங்கள், மாநிலங்களைச் செய்ய விடுங்கள்.

தோழர்களே, வட்டி விகிதம் என்பது படித்தவர்கள் மட்டும் பேச வேண்டிய விஷயம் என்று நம்மை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் போவது நம் சம்பளம், நம் வேலை. அடுத்த முறை வட்டி உயர்வுச் செய்தி வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்த விலையேற்றம்? தேவையா, வரத்தா?"

பதில் வரும்வரை கேளுங்கள். பகிருங்கள். டீக்கடையிலும் பேசுங்கள்.